ஒன்பது கஜத்தில் ஐயமில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த வார அட்டைப்படம் அருமை.

உள்ளே, ஆங்கில மரபுத்தொடர் பகுதியில் ‘தி ஹோல் நைன் யார்ட்ஸ்’ (சொல்லுக்குச் சொல், ‘முழு ஒன்பது கஜம்’) என்பதற்கு ‘ஒன்றுவிடாமல் முழுவதும்’ என்று பொருள் போட்டிருந்தீர்கள். சரி. அதோடு விட்டிருக்கலாம். “நம் பாட்டிமார் கட்டிய ஒன்பது கஜப் புடவையைப் பார்த்து வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டதே இது என்பதில் ஐயமில்லை” என்று முடித்திருக்கிறீர்கள். அந்த ‘ஐயமில்லை’தான் இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவிடவில்லை.

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பத்தொரு வருஷம் புடவைப் பிரிவில் நின்றவன் நான். மடிசாருக்கு என்று வருகிறவர்களில் ஒன்பது கேட்பவர்களும் உண்டு, தாராளமாக இருக்கட்டும் என்று பத்து கஜம் கேட்பவர்களும் உண்டு. 1956இல் சட்டம் போட்டு மீட்டரைக் கொண்டுவந்தார்கள். மாமிகள் வாயில் இன்றைக்கும் கஜம்தான். அந்தப் புடவைக்கு உலகப் புகழ் என்றால் முதலில் குதிப்பவன் நானாகத்தான் இருப்பேன். ஆனால் நெய்யாத புடவையை எப்படி ஐயா கட்டிக்கொள்வது?

தங்களுக்குத் தெரியாதது இல்லை, அந்தத் தொடர் அமெரிக்கர்களின் பேச்சு. புடவையைப் பார்த்து மயங்கிய துரை அதை லண்டனில் அல்லவா கொண்டுபோய் இறக்கியிருக்க வேண்டும்? இந்தப் பொருளில் கிடைத்திருக்கும் பழைய அச்சுச் சான்று இந்தியானா மாநிலத்தில் மிட்செல் என்ற சிற்றூரின் பத்திரிகையில், 1907இல். பேஸ்பால் ஆட்டம் ஒன்று நடக்கப்போகிறது, ஆனால் ஒன்பது கஜமும் முழுசாக நடக்கும் என்று வாக்குத் தர முடியாது என்கிறது. அடுத்த வருஷம் அதே பத்திரிகையில், மீன் பிடிக்கப் போய்வந்த ஒருவர் யாராவது ஏமாந்தவன் சிக்கினால் ஒன்பது கஜத்தையும் அளந்துவிடுவார் என்று கிண்டல். இதில் மடிசார் எங்கே இருக்கிறது? போதாக்குறைக்கு 1912இல் கென்டக்கிப் பத்திரிகையிலும் 1921இல் தென் கரோலினாப் பத்திரிகைத் தலைப்பிலும் அதே தொடர் ‘ஆறு கஜம்’ என்று வருகிறது. (ஆறு கஜம் என்றதும் சாதாரணப் புடவை என்று அடுத்த வாரம் எழுதிவிடாதீர்கள்.)

துணிதான் வேண்டும் என்றால் 1855இல் அங்கே அச்சான நகைச்சுவைக் கதை ஒன்று இருக்கிறது. மூன்று சட்டைக்கு எடுத்த ஒன்பது கஜத்தையும் ஒரே சட்டையில் வைத்துத் தைத்துவிடுகிறாள் ஒருத்தி. மூன்று சட்டைக்கு ஒன்பது கஜம் என்றால் பன்னா (அகலம்) குறைவான துணியாக இருக்கும், அது எனக்குப் புரிகிறது. அதற்காக அதுதான் மூலம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை, பாருங்கள். விமானத் துப்பாக்கியின் 27 அடி, அதாவது ஒன்பது கஜ, தோட்டா வார்தான் மூலம் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் வந்த வார் 1907இலேயே அச்சேறிய பேச்சுக்கு எப்படி அப்பனாகும்?

இது முதல் தடவையும் இல்லை. கொட்டும் மழைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘பூனையும் நாயுமாக மழை’ என்பதற்குக் கூரையில் படுத்திருந்த பூனை நாய்கள் மழையில் வழுக்கி விழுந்த கதையைப் போட்டீர்கள். 1999 வாக்கில் மின்னஞ்சலில் சுற்றிய வேடிக்கை அது. அப்போதும் இரண்டு பக்கம் எழுதினேன். ‘இதழ் வழக்கம்போல் அருமை’ என்ற என் முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள், பெயரிலும் ஓர் எழுத்துக் குறைவு. குறுக்கெழுத்துப் பரிசு நூறு ரூபாய் இன்னும் வரவில்லை என்பதை இந்த இடத்தில் சொல்வது நாகரிகமில்லை.

கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி எல்லாம் நம்மிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போன அசல் சரக்கு. கைவசம் அசல் இருக்கும்போது போலி எதற்கு?

நான் கொதிப்பதற்குக் காரணம் என் பேத்தி. உங்கள் பத்திரிகையை நம்பிப் பள்ளிப் பேச்சுப் போட்டியில் புடவைக் கதையைச் சொல்லியிருக்கிறாள். நடுவர் ஆதாரம் கேட்டார். “தாத்தா வாங்கும் பத்திரிகை” என்றிருக்கிறாள். அரங்கமே சிரித்ததாம்.

மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில், ‘என்பதில் ஐயமில்லை’ என்பதை ‘என்று ஒரு கதை உண்டு’ எனத் திருத்திப் படிக்கவும் என்று ஒரு வரி போதும். இடம் பற்றவில்லை என்றால் அட்டைப்படம் பற்றிய என் வரியை வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து தங்கள் நெடுநாள் வாசகன்