ஏழாவது மேட்ச்

கே.புதூர், மதுரை
28.5.2025

அன்பு மகன் செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல். ராணி அத்தை மகள் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கூடவே நார்த்தங்காய் ஊறுகாய், கறிவேப்பிலைப் பொடி, இரண்டு பாக்கெட் முறுக்கு. முறுக்கைப் பிரித்தவுடன் டப்பாவில் போட்டுவிடு. அக்னி நட்சத்திரம் இன்றோடு முடிகிறதாம். வெயிலுக்கு யாரும் சொன்ன மாதிரி தெரியவில்லை.

உங்கள் டொரண்டோ ஐஸ் ஹாக்கி டீம் ஃப்ளோரிடாவிடம் கடைசி ஏழாவது மேட்சில் தோற்று ஒன்பது நாளாகிறது. நீ கூப்பிடவில்லை. 2019-இல் தோற்றபோதும், 2022-இல் தோற்றபோதும், போன வருடம் தோற்றபோதும் அரை மணி நேரம் புலம்புவாய், நானும் உம் கொட்டிக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை வாட்ஸப்பில் ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. என்னவாம் என்று அம்மா கேட்டாள். நன்றாக இருக்கிறானாம் என்றேன்.

சரி, மேட்ச் விஷயத்துக்கு வருகிறேன். நீ டேப்லெட்டில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாயே, அதில்தான் பார்த்தேன். உங்களுக்கு ஞாயிறு இரவு ஏழரை என்றால் இங்கே திங்கள் விடிகாலை ஐந்து. இந்தக் கணக்கு எனக்கு இப்போது மனப்பாடம். நாலாவது மேட்ச் எந்த நாளில் வந்தது தெரியுமா? மே 12. அழகர் ஆற்றில் இறங்குகிற அதே விடிகாலை! முந்தின நாள் மூன்று மாவடியில் எதிர்சேவை பார்த்துவிட்டு வந்து, முழங்கால் வலி என்று சொல்லி நான் படுத்துவிட்டேன். அம்மாவும் உன் சித்தியும் சர்க்கரைச் செம்பைத் தூக்கிக்கொண்டு இருட்டோடு போனார்கள். கொரோனா வருடங்களைத் தவிர, எனக்கு நினைவு தெரிந்து ஆற்றுக்குப் போகாத வருடம் இதுதான். மைக்கில் வர்ணனை புதூர் வரைக்கும் கேட்கிறது, நான் டேப்பை மடியில் வைத்து டொரண்டோக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2-0 தோல்வி. அம்மா திரும்பி வந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். செம்பைக் கீழே வைத்தாள். “அழகரை விட்டுட்டு உக்காந்தா அப்படித்தான்” என்றாள். முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் இரண்டு மேட்ச் ஜெயித்துவிட்டு அடுத்த மூன்றையும் விடுவார்களா? ஆறாவதில் அங்கேயே போய் 2-0 என்று அடித்தபோது, சரி, இந்த வருடம் ஏதோ நடக்கப்போகிறது என்று நானும் நம்பிவிட்டேன். 1967-க்குப் பிறகு கோப்பையே பார்க்காத ஊர். அப்போது நான் திண்ணைப் பள்ளியில். அந்த மார்ஷண்ட் ஒருவன் போதும் உங்களுக்கு. பாஸ்டனில் இருந்தபோது நாலு முறை, இப்போது ஃப்ளோரிடாவுக்கு வந்து ஐந்தாவது முறை, ஏழாவது மேட்ச் என்றால் டொரண்டோவை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறான். ஏழரைச் சனி.

விளையாட்டைப் பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை. கையால் குத்திச் சண்டை போட்டால் ஐந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டு மறுபடி உள்ளே விடுவதெல்லாம் ஒரு விளையாட்டா? நம் ஹாக்கியில் ஸ்டிக்கைக் கொஞ்சம் அப்படி இப்படித் தூக்கினாலே விசில். ஆனால் முக்கால் நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாற்றி ஆள் குதித்து இறங்குகிறார்கள் பார், அது அழகு. அதை நான் ரசிக்கிறேன்.

நீ அனுப்பிய, இலை போட்ட உங்கள் டீம் நீலச் சட்டையைத்தான் ரேஸ்கோர்ஸில் வாக்கிங் போகும்போது போடுகிறேன். “சார், உங்க கட்சியில ஒரு இலைதானா, இன்னொண்ணு எங்கே?” என்று எல்ஐசிக்காரர் தினமும் கேட்கிறார். என் மகன் அனுப்பியது, டொரண்டோவில் பெரிய கம்பெனியில் இருக்கிறான் என்று தினமும் சொல்கிறேன். இப்போது கொஞ்ச நாளாகக் கம்பெனியை விட்டுவிட்டு, டொரண்டோவில் இருக்கிறான் என்று மட்டும் சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நின்றுகொண்டே சாப்பிடாதே.

இந்த மணிக் கணக்கைக் கற்றுக்கொண்டதில் ஒரு வம்பு. முன்பெல்லாம் உன் போன் ஞாயிற்றுக்கிழமைதான் வரும். மார்ச்சிலிருந்து செவ்வாய், புதன் என்று இங்கே ராத்திரி ஒன்பது மணிக்கு வருகிறது. அம்மாவுக்குச் சந்தோஷம், பிள்ளை அடிக்கடி பேசுகிறான் என்று. நான் ஒன்பதரை மணி நேரத்தைக் கழித்துப் பார்க்கிறேன். அங்கே பகல் பதினொன்றரை. உன் பின்னால் அடுப்படி தெரிகிறது. குழாய் சொட்டுகிறது. வீட்டிலிருந்தே வேலை என்றாய், சரி, இப்போது ஊரெல்லாம் அப்படித்தான். வருடா வருடம் ஒரு மேட்சுக்காவது நேரில் போய்விடுவாய், இந்த வருடம் டிக்கெட் விலை ரொம்ப அதிகம் என்றாய். அதுவும் சரி.

மாடிக்குப் பணம் அனுப்ப வேண்டாம். கொத்தனார் ஊருக்குப் போய்விட்டார், ஆவணிக்கு மேல்தான் வருவார். மாதம் அனுப்புவதும் வேண்டாம், பென்ஷனில் மிச்சமே ஆகிறது. என் பெயரில் இருந்த டெபாசிட் இந்த மாதம் முதிர்ந்துவிட்டது. அதைத் திரும்பப் போடாமல் சேமிப்புக் கணக்கிலேயே விட்டிருக்கிறேன். சும்மா தகவலுக்குச் சொல்கிறேன். உசிலம்பட்டிக்காரர்கள் மறுபடி ஆள் விட்டார்கள். அவசரம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்கு அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உனக்கு எதையும் வாயைத் திறந்து சொல்லும் பழக்கமே கிடையாதா? பிளஸ் டூவில் கணக்கில் மார்க் குறைந்ததை நான் வாத்தியார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். விசா தாமதமானதை ராணி அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். யாரைப் பார்த்து இப்படி ஆனாய்?

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கேள்விக்குப் பதில் எனக்கே தெரியும். அதனால் மேட்சுக்கே வருகிறேன்.

முதல் பீரியடில் இரண்டு பேரும் கோல் போடவில்லை. இரண்டாவதில் மூன்று வாங்கினார்கள். மூன்றாவதில் உங்கள் டோமி ஒரு கோல் போட்டதும் நான் டேப்பைத் தட்டிவிட்டேன், காபி டம்ளர் கவிழ்ந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஃப்ளோரிடாக்காரன் பதிலுக்கு ஒன்று போட்டுவிட்டான். 4-1. அதற்கப்புறம்தான் ஜனங்கள் எழ ஆரம்பித்தார்கள். சட்டையைக் கழற்றிப் பனிக்கட்டியில் வீசினார்கள், நான் போட்டிருக்கிற அதே சட்டை. மேட்ச் முடியவில்லை, கோலி அங்கேயேதான் நிற்கிறான், இவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு படியேறிப் போகிறார்கள். எனக்கு அதற்கு மேல் மேட்சைப் பார்க்க முடியவில்லை. படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செந்தில், 2007 ஜனவரியில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் உன் ஹாக்கி ஃபைனல் நடந்ததே, அன்றைக்கு ஆபீஸில் ஆடிட், வர முடியவில்லை என்று சொன்னேன். ஆடிட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் வந்திருந்தேன். உனக்குத் தெரிந்தால் பதறுவாய் என்று சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் வேப்பமரத்தடியில் நின்றேன். 1-1 என்று முடிந்து பெனால்டி ஸ்ட்ரோக் போட்டார்கள். உன் பேடு இடது காலில் வார் அறுந்து, சணல் கயிற்றால் கட்டியிருந்தாய். முதல் அடி உள்ளே. இரண்டாவது உள்ளே. மூன்றாவதற்கு நீ தப்பான பக்கம் விழுந்தாய். என் பக்கத்தில் நின்றவர், “கீப்பர் தூங்குறான்யா” என்றார். அது என் பையன் என்று நான் சொல்லவில்லை. ஆமாம் என்கிற மாதிரித் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு, டிவிஎஸ் ஃபிஃப்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது நீ சொன்னாய்: “நாலாவதையும் அஞ்சாவதையும் பிடிச்சிட்டேன்ப்பா. நம்ம பய கடைசி அடியைப் போஸ்ட்ல அடிச்சுட்டான், இல்லேன்னா சமம்.” நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே “அப்படியா” என்றேன். “நல்லவேளை நீங்க வரலை” என்றாய். பதினெட்டு வருடமாகிறது. நீ பிடித்த அந்த இரண்டையும் நான் பார்க்கவில்லை. ஏழு கெஜத்திலிருந்து அடிக்கிற பந்தை அந்தக் கயிறு கட்டின பேடோடு எப்படித்தான் பிடித்தாயோ! நாலாவதற்கு வலது பக்கம் விழுந்தாயா, இடது பக்கமா? இத்தனை வருடத்தில் கேட்கவே முடியவில்லை. கேட்டால் மூன்றாவதைப் பற்றி நானே உளறிவிடுவேன் என்று பயம்.

இந்தத் தடவை கடைசி நொடி வரை உட்கார்ந்திருந்தேன். 6-1. வெயில் ஏறிவிட்டது, பால்காரர் வந்து மணியடித்துவிட்டுப் போய்விட்டார். எல்லோரும் வரிசையாக நின்று ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்களே, அதையும் பார்த்துவிட்டுத்தான் அணைத்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. வேலை இருந்தாலும் சரி, வேறு எப்படி இருந்தாலும் சரி, மூன்று வேளையும் சாப்பிடு. ராத்திரி வெகுநேரம் விழித்திருக்காதே. போன் செய். செவ்வாயோ புதனோ, பகல் பதினொன்றரையோ விடிகாலை மூன்றோ, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு. நான் கழித்துப் பார்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: ஊறுகாய் பாட்டிலை நிமிர்த்தியே வை, எண்ணெய் அதிகம். இந்தக் கடிதத்தில் மேட்ச் விஷயம் மட்டும்தான் எழுதியிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.