நெடில் குறில் நெடில் நெடில்: கனடிய ரொக் இசைக்குழு ரஷ்ஷுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கெடி லீ, அலெக்ஸ் லைஃப்சன் இருவருக்கும்,

2026 ஆகஸ்டில் நீங்கள் ரொறன்ரோவில் வாசிப்பதற்கு அறிவித்த இரவுகளில் ஒன்றுக்கு ரிக்கற் வாங்கிவிட்டேன். மூன்று நாள் யோசித்துத்தான் வாங்கினேன். மறைந்த உங்கள் ட்ரம்ஸ் கலைஞர் நீல் பியர்ட் இல்லாமல் ரஷ் ஏது என்று என் கூட்டாளிகள் சிலர் இன்னும் மனத்தாங்கலோடு இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

1989இல் பியர்சன் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது எனக்கு 19 வயது. பெட்டியின் கைபிடியில் சுற்றியிருந்த பட்டியில் மூன்று ஆங்கில எழுத்துகள்: வை, வை, ஸெட். அது ரொறன்ரோ விமான நிலையத்தின் குறி என்பது அப்போது தெரியாது. இரண்டாம் மாதம் ஒரு றெஸ்ரோரன்றில் இரவு வேலை கிடைத்தது. கோப்பை கழுவுவது. அங்கிருந்த சமையற்காரர் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு கசற் றெக்கோடரை அடுப்புக்கு மேல் தட்டில் வைத்திருப்பார். 1981இல் வந்த உங்கள் 'மூவிங் பிக்சர்ஸ்' இசைத்தொகுப்பு அதில் ஓடாத இரவு குறைவு. பாட்டுகளின் ஆங்கிலம் எனக்குப் பிடிபடாது. ஆனால் நடுவில் வார்த்தையே இல்லாத ஒரு துண்டு வரும். அதற்கு மட்டும் சவர்க்கார நுரையோடு என் கை நின்றுவிடும். ஒரு நாள் பெயரைக் கேட்டேன். அவர் ஓடர் எழுதும் துண்டில் மூன்று எழுத்தை எழுதித் தந்தார். விடியப்புறம் பேஸ்மென்றுக்கு வந்து, கட்டிலுக்குக் கீழே கிடந்த பெட்டியை இழுத்துப் பார்த்தேன். பட்டியில் இருந்த அதே மூன்று எழுத்து.

அதன் தொடக்கத்தில் வரும் மணியொலி, எழுத்துகளை நீள ஒலியும் குறுகிய ஒலியுமாக அனுப்பும் மோர்ஸ் தந்தி முறையில் அந்தக் குறியின் வடிவம் என்று பிறகொரு காலத்தில் வாசித்து அறிந்தேன். உடனே அதை என் பாஷையில் எழுதிப் பார்த்தேன். நெடில் குறில் நெடில் நெடில். மறுபடியும் நெடில் குறில் நெடில் நெடில். நெடில் நெடில் குறில் குறில். நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று என்பது எங்கள் இலக்கணம். ஏழு, ஏழு, ஆறு, கூட்டினால் இருபது. நாலு நாலாகப் பிரித்தால் ஐந்து தட்டு. நீங்கள் வாசிப்பதும் அந்த ஐந்துதான். கோயில் வீதியில் தவில் கேட்டு வளர்ந்தவனுக்கு ஐந்து புதிதில்லை. அந்த வருடம் இந்த ஊரில் எனக்கு முழுதாக விளங்கிய முதல் விஷயம் அது.

கெடி, 'கேரி' என்ற பெயர் உங்கள் அம்மாவின் போலந்து உச்சரிப்பில் 'கெடி' ஆகி, அதுவே உங்கள் பெயராக நிலைத்தது. அலெக்ஸ், லைஃப்சன் என்பது உங்கள் சேர்பியக் குடும்பப் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றியது. வேலையிடத்தில் எங்கள் பெயர்களை வெட்டிக் குறுக்கிக் கொடுத்த எங்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

1984இல் வந்த 'ரெட் செக்டர் ஏ' என்ற உங்கள் பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. வரிகள் நீல் எழுதியவை. பின்னால் நிற்பது, கெடி, உங்கள் அம்மாவின் வாழ்வு: நாஜிகளின் வதைமுகாம்களான அவுஷ்விற்ஸ், பிறகு பேர்கன்-பெல்சன், 1945 ஏப்ரலில் விடுதலை. வெளியே ஓர் உலகம் இன்னும் இருக்கிறது என்பதையே அவரால் அன்று நம்ப முடியவில்லை என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். 2009 மே 10 மாலை ஆயிரக்கணக்கான தமிழர்களோடு கார்டினர் விரைவுச்சாலையில் நானும் நின்றேன். வன்னியில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. வெளியே உலகம் இருக்கிறதா என்றுதான் நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அந்தப் பாட்டைப் போட்டேன். முடிய மறுபடி போட்டேன். மனைவி வந்து பக்கத்தில் இருந்தா. இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

நீலை நினைக்காத நாளில்லை. 1997இல் மகளையும் அடுத்த வருடம் மனைவியையும் இழந்து, மோட்டார் சைக்கிளில் பல்லாயிரம் கிலோமீற்றர் ஓடித் திரிந்துவிட்டு மீண்டும் ட்ரம்ஸின் முன் வந்து உட்கார்ந்த மனிதர் அவர். 2020 ஜனவரியில் அவர் போன செய்தி வந்தபோது காரை வீதியோரம் நிறுத்திவிட்டேன். அவருடைய இடத்தை யாரும் நிரப்ப முடியாது. அதற்காக அவர் அடித்த தாளங்களை இனி யாருமே அடிக்கக்கூடாது என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் ஊரில் ஒரு தவில் வித்துவான் செத்தால் அடுத்த திருவிழாவுக்கு மேளம் நிற்பதில்லை. அவர் வாசித்ததை இன்னொருவர் வாசிப்பார். இப்போது உங்களோடு ட்ரம்ஸ் வாசிக்க வரும் அனிகா நில்ஸ் வாசிக்கட்டும். அவரைக் கைதட்டி வரவேற்கத்தான் வருகிறேன்.

ஒரேயொரு வேண்டுகோள். இங்கே வாசிக்கும்போது அந்த விமான நிலையத் துண்டை விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் வரும் அந்த மணியொலியைப் பதிவிலிருந்து போடவும் வேண்டாம். அனிகாவே அடிக்கட்டும், அவர் அடித்து முடியும்வரை நீங்கள் இருவரும் பேசாமல் நில்லுங்கள். மிருதங்கம் பழகும் என் மகள் பக்கத்தில் இருந்து விரல்விட்டு எண்ணுவாள். 1989இல் என் பெட்டியில் இருந்த பட்டி அவளிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு ரசிகன்