குலைநோயை முன்கூட்டிச் சொல்ல இரவின் ஈரக்கணக்கு வேண்டும்

வேளாண் வானிலை அறிவிப்பு தயாரிக்கும் அலுவலர்களுக்கு, வணக்கம்.

மணலி புதுநகரைத் தாண்டி மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் போனால் நெல் வயல்கள். நெற்குலைநோய் வயலுக்கு வயல் தாவுவது காற்றில். இந்தப் பூஞ்சை நோயின் வித்துகள் பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே பறக்கின்றன. இலையில் விழுந்தவை முளைத்து உள்ளே புக, சுமார் 10 மணி நேரம் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். குளிர் 20 டிகிரிக்கு இறங்கினால் இன்னும் கூடுதலாக. காலை 8.30, மாலை 5.30 ஈரப்பத அளவுகள் இதற்கு உதவாது.

நகருக்குள் இருக்கும் நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்து எண்ணைப் பொன்னேரிக்குப் பொருத்துவதும் தப்பு. கான்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடும், பனி பிந்தும். நகரத்து எண் 'அபாயமில்லை' என்கிற இரவிலேயே வயலில் பயிர் சொட்டச் சொட்ட நனைந்திருக்கலாம்.

ஆகவே இலை ஈர உணரியை வயலிலேயே வையுங்கள்: பயிரின் மேல்மட்டத்தை ஒட்டி, வடக்கு பார்த்து, 45 டிகிரி சாய்வில், 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு. உணரியின் மின்தடம் பதித்த தகட்டை வெறுமையாக வைத்தால் மெல்லிய பனி தெரியாது. லேடெக்ஸ் பெயின்ட் பூச வேண்டும். எண்ணூர்க் காற்றில் இன்னொரு தொல்லை. படிந்த கடலுப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு, காய்ந்த இலையையும் 'ஈரம்' என்று காட்டும். சாம்பலும் சேர்ந்துகொள்ளும். வாரம் ஒருமுறை காய்ச்சி வடித்த நீரில் கழுவ ஆளில்லை என்றால் உணரி வைக்காமலே இருக்கலாம்.

வித்து பிடிக்க, கிரீஸ் தடவிய கண்ணாடிச் சில்லைக் காற்றுக்கு எதிரே மாலையில் வைத்து விடிந்ததும் எடுத்தால் போதும். மழை பெய்தால் அன்றைய சில்லு வீண். நுண்ணோக்கியில் 400 மடங்கில் பேரிக்காய் வடிவம், மூன்று அறை தெரிந்தால் குலைநோய். செம்புள்ளி நோயின் வித்து நீண்டு வளைந்து பல அறைகளோடு இருக்கும். இரண்டையும் சேர்த்து எண்ணிவிடக் கூடாது. வித்து எவ்வளவு சிக்கினாலும் ஈரம் இல்லாத இரவுக்கு எச்சரிக்கை வேண்டாம்.

20 முதல் 28 டிகிரிக்குள், அடுத்தடுத்து இரண்டு இரவு ஈரம் 10 மணி நேரத்தைத் தாண்டினால் காலை 7 மணிக்குள் உழவர்களுக்குச் செய்தி போகட்டும். செவ்வாய், வெள்ளி அறிவிப்புவரை அது காத்திருக்கக் கூடாது. இலையில் நோயின் கண் வடிவப் புள்ளி தெரிய நான்கைந்து நாளாகும். அதன்பின் ஒரே புள்ளி நாளுக்கு 2,000 முதல் 6,000 வித்து வரை, இரண்டு வாரம் உதிர்க்கும்.

'பயிரைக் கண்காணிக்கவும்' என்று மட்டும் எழுதாதீர்கள். யூரியா மேலுரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். பாபட்லா நெல் ரகம் நட்டவர்களுக்கு முதலில் சொல்லுங்கள், அது எளிதில் நோய் வாங்கும். கதிர் வெளிவரும் வயல்களுக்குத் தனி வரி வேண்டும். கழுத்தில் நோய் விழுந்த கதிர் பதராகிவிடும்.

இப்படிக்கு,
வட சென்னையிலிருந்து பயிர் நோயியல், வானிலைத் துறை சார்ந்த சிலர்