உடன்குடிக்குப் போய் வந்தேன்

கிறிஸ்துவுக்குள் அன்பான நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண்புரை அறுவைக்குப் பிறகு சொட்டு மருந்தும் கையுமாகக் கிடந்ததால் உடனே எழுத முடியவில்லை. இப்போது வேதாகமத்தின் சின்ன எழுத்தும் கறுப்பாகத் தெரிகிறது.

எழுபது வருஷப் பாவத்துக்கு நரகத்தில் முடிவே இல்லாத தண்டனை எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்டிருக்கிறாய். நீ கணக்கு வாத்தியார், அப்படித்தான் கேட்பாய். கத்தோலிக்கரான உங்களுக்காவது உத்தரிக்கிற ஸ்தலம் என்று, மோட்சத்துக்கு முன்னால் பாவக்கறை கழுவிக்கொள்ள நடுவில் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. எங்கள் வண்டி அங்கே நிற்பதில்லை.

மூன்றாம் நூற்றாண்டு வேத அறிஞர் ஓரிகன், எல்லாரும் ஒருநாள் தேவனிடம் திரும்பிவிடுவார்கள் என்று நம்பினார். சபை பிறகு அதைத் தள்ளிவிட்டது. பின்னால் வந்த ஆயர், உங்கள் அகுஸ்தீனார், எங்களுக்கு அகஸ்டின், மத்தேயு 25:46-ஐக் காட்டினார். நித்திய ஆக்கினையும் நித்திய ஜீவனும் ஒரே வசனத்தில் வருகின்றன. ஒன்றுக்கு முடிவு வைத்தால் மற்றதற்கும் வைக்கவேண்டும் என்றார். வாதத்தில் ஓட்டை தெரியவில்லை, ஆனால் மனம் அடங்கவில்லை. அதே மனிதர் காலத்தைப் பற்றி எழுதியதுதான் எனக்கு உறைத்தது. கடந்துபோனது எங்கேயும் கிடக்கவில்லை, நினைவில் இப்போது இருப்பதே கடந்தது என்கிறார். படித்த அன்று அந்தப் பையன் வந்து நின்றான்.

உன்னிடம்கூடச் சொன்னதில்லை. 1986, நான் பாடம் எடுத்த எட்டாம் வகுப்பு. வசதியான வீட்டுப் பிள்ளை ஒருவனின் ஜியாமெட்ரி பாக்ஸ் காணாமற்போயிற்று. கடைசி பெஞ்சில் ஒருவன், சட்டையில் மேல் பொத்தானுக்குப் பதில் ஊக்கு. அந்த ஊக்கைப் பார்த்துத்தான் அவன் எடுத்திருப்பான் என்று முடிவுகட்டினேன். வேறு சாட்சி கிடையாது. பிரம்பால் நாலு. அவன் அழவில்லை. கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே நின்றான். பத்து நாள் கழித்து பெட்டி அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. எடுத்து உரியவனிடம் கொடுத்தேன், கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அடுத்த ஜூனில் அவன் பள்ளிக்கு வரவில்லை.

இந்த மார்ச்சில் விசாரித்து, உடன்குடி பஸ் ஏறிப் போனேன். கருப்பட்டி வியாபாரம் செய்கிறான், தலை நரைத்துவிட்டது. நடந்ததை முழுக்கச் சொன்னேன். சிரித்தான். “எனக்கு ஞாபகமே இல்லை சார். அந்தக் காலத்தில் அடி வாங்காதவன் யார்?” என்றான். நிஜமாகவே மறந்துவிட்டானா, கிழவனை எதற்கு நோகடிக்க வேண்டும் என்று அப்படிச் சொன்னானா, தெரியவில்லை. பேசும்போது அவன் கை ஒருமுறை வேட்டியில், தொடைப்பக்கம், தேய்த்துக்கொண்டது. கருப்பட்டிப் பிசுக்காகவும் இருக்கலாம்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். கொடுக்க அங்கே ஆள் இல்லை. திரும்பும் வழியெல்லாம் லூக்கா 16-தான். அக்கினியில் வேதனைப்பட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்கிற ஐசுவரியவானிடம் ஆபிரகாம் சொல்வது, ‘நினைத்துக்கொள்’. தண்ணீர் இல்லை என்பதைவிட அந்தச் சொல்தான் கொடுமை. மாற்கு 9-இல் வரும் நரகத்தின் சாகாத புழுவை, மனச்சாட்சியின் உறுத்தல் என்றே உங்கள் சபையின் பழைய இறையியல் அறிஞர் தாமஸ் அக்குவினாஸ் கொண்டார். நீ நித்தியத்தை ஆண்டுகளாகப் பெருக்கிப் பார்க்கிறாய். அந்த ஊக்குக்கு ஒரு நாள்கூட வயசாகவில்லையே, அதை எதால் பெருக்குவாய்?

அதற்காக எல்லாம் விளங்கிவிட்டது என்று எண்ணாதே. தேவன் ஒருவனை அந்த நினைவோடு அப்படியே விட்டுவிடுவாரா என்று நீ திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. போன மாதம் ஞாயிறு பள்ளியில் நரகத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அநியாயமாய் வாங்கியதைத் திருப்பித் தருவதாகச் சொன்ன ஆயக்காரன் சகேயுவைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். அவனுக்காவது நாலத்தனையாகத் திருப்பிச் செலுத்த ஒரு தொகை இருந்தது.

கடையிலிருந்து இறங்கும்போது அவன் இரண்டு கிலோ கருப்பட்டியை ஓலைக் கொட்டானில் கட்டிக் கொடுத்தான், காசு வாங்க மறுத்துவிட்டான். இன்னும் பிரிக்கவில்லை. மழை தொடங்கினால் இளகிவிடும் என்று வீட்டில் திட்டு விழுகிறது. கிறிஸ்துமஸுக்கு வருவதாக எழுதியிருந்தாயே, கொஞ்சம் முன்னாலேயே வா. வந்து பாதியை எடுத்துக்கொண்டு போ.

உன் பழைய அறைத்தோழன்