லிம் சூ காங் நிலத்துக்கு வரைபடம் வரைவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திட்டமிடல் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் சுவா சூ காங்கிலிருந்து 975ஆம் எண் பஸ்ஸில் ஏறினால், அது முதலில் கல்லறைகளின் ஓரமாகப் போகும். அதற்குப் பிறகுதான் லிம் சூ காங் சாலையும் பண்ணைகளும் வரும். மாதம் இருமுறையாவது அந்தப் பக்கம் போகிறேன். முட்டையும் கீரையும் வாங்கத்தான் என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். பேரங்காடியில் கிடைக்காத முட்டை எதுவும் அங்கே இல்லை என்பது என் மனைவிக்குத் தெரியும். தெரிந்தும் பையை எடுத்துக் கொடுப்பார்.

பஸ்ஸில் வேலை ஒன்றும் இல்லாததால் மனம் கணக்குப் போடும். சுவா சூ காங் இடுகாட்டில் அடக்கமாகிறவருக்கு 1998 முதல் உள்ள விதிப்படி 15 ஆண்டு இடம். பண்ணை நிலத்துக்குக் குத்தகை 20 ஆண்டு. கோயில் கட்ட நிலம் எடுத்தால் 30. வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடு வாங்கினால் 99. இவ்வளவையும் தீர்மானிக்கும் உங்கள் நீண்டகாலத் திட்டமோ ஐம்பது ஆண்டுகளையும் அதற்கு அப்பாலும் பார்க்கிறது. உழுகிறவருக்குக் கிடைத்திருப்பது, மாண்டவரைக் காட்டிலும் ஐந்தே ஆண்டு அதிகம். குறும்பாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இந்த மடலில் நான் சொல்ல வந்ததே இதுதான். இந்த வட்டாரத்தில் எத்தனை ஹெக்டர் எதற்கு என்று அளக்கிறீர்கள். எத்தனை ஆண்டு யாருக்கு என்பதை அதே அக்கறையோடு அளப்பதில்லை.

நான் இந்த மண்ணுக்கு வெளியாள் இல்லை. என் அப்பா இங்கே ரப்பர் மரம் சீவியவர். மரங்கள் போன பிறகு கோழிப் பண்ணையில் கூலி வேலை பார்த்தார். 1979இல் நியோ தியூ சாலையோரம் ஒரு சிறு பேட்டை கட்டினார்கள். லிம் சூ காங் கிராமப்புற நிலையம் என்று அதற்குப் பெயர். மூன்றே புளோக், ஒரு சந்தை, சில கடைகள், பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல். அத்தாப்பு ஓலைக் கூரையின் கீழே வளர்ந்த எங்களுக்குக் குழாயைத் திருகினால் தண்ணீர் வந்தது பெரிய அதிசயம். கம்பத்து மக்களை, அதாவது கிராமத்து மக்களை, கம்பத்தைவிட்டுத் தூரமாகத் துரத்தாமல், அங்கேயே அடுக்குமாடி வீடு கொடுத்த அந்தத் திட்டக்காரர் யாரோ, அவருக்கு என் அம்மா சாகும்வரை நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. சாமிக்கு விளக்கேற்றும்போது 'அந்தப் புண்ணியவான்' என்பார்.

2002க்குள் அந்தப் பேட்டை காலியாகிவிட்டது. எங்களுக்கு வேறு இடத்தில் புது வீடு கிடைத்தது, நல்ல வீடுதான், குறை சொல்லவில்லை. புளோக்குகளை இடிக்கவில்லை, ராணுவப் பயிற்சிக்கு விட்டார்கள். என் மகன் தேசிய சேவையில் இருந்தபோது ஒரு வார இறுதியில் வீட்டுக்கு வந்து, ஆளில்லாத அடுக்குமாடிக் கட்டடத்தில் அறை அறையாக நுழைந்து எதிரியைத் தேடிய கதையைச் சொன்னான். எந்த இடம் என்று கேட்டேன். சொன்னான். சந்தைக்குப் பக்கத்து புளோக்கா, மேல்மாடியா என்று கேட்டேன். ஏனப்பா கேட்கிறீர்கள் என்றான். அவன் பாட்டி சமைத்த அடுக்களையில்தான் அவன் வெற்றுத் தோட்டா சுட்டிருக்கிறான். நாங்கள் இருவரும் சிரித்தோம். அம்மா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் சிரித்திருப்பாரா, தெரியாது.

கட்டி முடித்து ஏறக்குறைய இருபது ஆண்டில் ஓர் ஊர் தொடங்கி முடிந்துவிட்டது. நாட்டுக்கு ராணுவம் வேண்டும், எனக்கும் அது தெரியும். 735 சதுர கிலோமீட்டர் சொச்சத்தில் விமான நிலையம், நீர்த்தேக்கம், துறைமுகம், வீடு, தொழிற்பேட்டை எல்லாவற்றையும் பொருத்துவது எளிதான காரியமில்லை. பாய லேபார் விமானத் தளம் இடம்பெயர்ந்தால் அந்த வட்டாரத்தில் ஒன்றரை லட்சம் வீடு கட்டலாம். அதற்காகத் தெங்கா விமானத் தளத்தை விரிவாக்க வேண்டும். அதற்காகச் சுவா சூ காங்கில் 80,000க்கு மேற்பட்ட கல்லறைகளைத் தோண்ட வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகர்கிறது. இதையெல்லாம் புரிந்துகொள்ள முடியாதவன் இல்லை நான்.

எனக்குப் புரியாதது தவணை முறைதான். 2014இல் லிம் சூ காங்கில் 62 பண்ணைகளின் குத்தகை புதுப்பிக்கப்படாது, நிலம் ராணுவப் பயிற்சிக்குப் போகும் என்று அறிவிப்பு வந்தது. முதலில் 2017 நடுப்பகுதி வரை நேரம் கிடைத்தது. பிறகு 2019 இறுதி வரை நீட்டித்தார்கள். நீட்டிப்பது கருணைதான், மறுக்கவில்லை. ஆனால் பண்ணைக்காரர் நிலையில் இருந்து பாருங்கள். இரண்டரை ஆண்டு நீட்டிப்பு என்றால் புதுக் கொட்டகை போடுவதா? கிணறு தூர்வாருவதா? வங்கியில் கடன் கேட்டால் கிடைக்குமா? தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது நம் பழமொழி. இரண்டரை ஆண்டு நீட்டிப்பில் தென்னையும் கிடையாது, பனையும் கிடையாது. மூன்றாவது வாரத்தில் அறுக்கிற கீரை மட்டும்தான். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னார்கள் நம் முன்னோர். இவர்கள் குத்தகைத் தேதியைத் தேடி விதைக்கிறார்கள்.

நான் கீரை வாங்குகிற பண்ணையின் பெரியவர் ஹொக்கியன் பேசும் சீனர். என்னோடு சந்தை மலாயில் பேசுவார். சென்ற மாதம் மண்வெட்டியால் ஒரு பாத்தியின் ஓரத்தை வெட்டிக் காட்டினார். மேலே ஒரு சாண் கறுப்பு மண், கையில் எடுத்தால் உதிர்கிறது, மண்புழு நெளிகிறது. அதற்குக் கீழே கத்தியால் வெட்டியது போலக் கோடு. கோட்டின் கீழ் செங்கல் நிறத்தில் இறுகிய செம்மண். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊரில் சத்தெல்லாம் கரைந்து ஓடிவிடும். இயல்பில் நம் மண் புளிப்பு மண், ஏழை மண். அந்த ஒரு சாண் கறுப்பு மண் இயற்கை கொடுத்தது இல்லை. கோழி எரு, சுண்ணாம்பு, காய்ந்த புல், மட்கிய இலை என்று அவர் போட்டுப் போட்டுச் சேர்த்தது. எத்தனை வருடம் ஆயிற்று என்றேன். பதினொன்று என்று விரலை விரித்துக் காட்டினார், பத்து விரலையும் காட்டிவிட்டு ஒன்றை மறுபடி.

அங்கே வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "அண்ணே, என் பெர்மிட்டுக்கும் தேதி இருக்கிறது, முதலாளியின் நிலத்துக்கும் தேதி இருக்கிறது. இங்கே தேதி இல்லாதது அந்த முருங்கைக்கு மட்டும்தான்" என்றான். வேலியோரம் அவனுக்கு முன்பு இருந்த யாரோ நட்ட முருங்கை அது. கிளையை ஒடித்து நட்டால் எங்கேயும் வரும் என்பதால் தேதியைப் பற்றி அது கவலைப்படவில்லை.

இருபது ஆண்டுக் குத்தகையில் பதினொன்று மண்ணைத் தேற்றுவதற்கே போய்விடுகிறது. மீதி ஒன்பதில் கடைசி மூன்றில் எவரும் எருப் போட மாட்டார்கள், யாருக்காகப் போடுவது? ஆக நல்ல விளைச்சல் ஆறே ஆண்டு. இந்தக் கணக்கை எந்த வரைபடத்திலும் நான் பார்த்ததில்லை.

2020இல் லிம் சூ காங்கில் சுமார் 390 ஹெக்டரை உயர் தொழில்நுட்ப உணவு வட்டாரமாக்கப் போவதாக அறிவித்தீர்கள். 2030க்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்பது அன்றைய இலக்கு. இதற்கிடையே மின்கட்டணம் ஏறியது, மலேசியாவின் ஜொகூரிலிருந்து வரும் கீரை மலிவாகவே இருந்தது, விளக்கு வெளிச்சத்தில் அடுக்கடுக்காகக் கீரை வளர்த்த பண்ணைகள் சில மூடிவிட்டன. 2025 நவம்பரில் இலக்கே மாறியது: 2035க்குள் நாம் உண்ணும் நார்ச்சத்தில் 20 விழுக்காடு, புரதத்தில் 30 விழுக்காடு. முட்டையில் மூன்றில் ஒரு பங்கு இப்போதே உள்ளூரில் கிடைக்கிறது. காய்கறியில் ஏறக்குறைய 3 விழுக்காடுதான். இலக்கை மாற்றியதை நான் தவறென்று சொல்லவில்லை. எட்டாத கிளைக்குத் தாவிக்கொண்டே இருப்பதைவிட எட்டுகிற கிளையைப் பார்ப்பது மேல். ஆனால் சில ஆண்டிலேயே உங்கள் இலக்கையே மாற்ற வேண்டி வந்ததே, அப்படியானால் உங்களைவிடக் கையிருப்பு குறைந்த பண்ணைக்காரர் எவ்வளவு நடுங்கிக்கொண்டிருப்பார்?

நீங்கள் கேட்காதவர்கள் என்று நான் சொன்னால் அது பொய். பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1986இல் பறவை பார்க்கப் போன சிலர் சுங்கை பூலோவின் சதுப்பு நிலத்தைக் கண்டு, இதைக் காப்பாற்றுங்கள் என்று அரசாங்கத்துக்கு முறையிட்டார்கள். 1989இல் 87 ஹெக்டர் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது, 1993இல் திறந்தார்கள், 2002இல் சட்டப்படி பாதுகாப்பு கொடுத்தார்கள். சைபீரியாவிலிருந்து பறந்து வரும் உள்ளான் குருவிக்கு இங்கே நிரந்தர விலாசம் இருக்கிறது. அதில் எனக்குச் சந்தோஷம்தான், கொஞ்சம் பொறாமையும் உண்டு.

ஆகவே என் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன். வரைபடம் எப்படி மாறினாலும், மண்ணில் பயிர் செய்கிறவர்களுக்கென ஒரு துண்டு நிலத்தைத் தனியாகக் குறியுங்கள். அதற்குக் குத்தகை முடிகிற வரை காத்திருந்து முடிவு சொல்லாமல், பாதி ஓடியதுமே, அதாவது பத்தாவது ஆண்டிலேயே, புதுப்பிப்பீர்களா மாட்டீர்களா என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். மாட்டோம் என்றாலும் சரி. பத்து ஆண்டு முன்னால் தெரிந்தால் மனிதன் தன் பிழைப்பைத் திருப்பிக்கொள்வான். பத்து மாதம் முன்னால் தெரிந்தால் தலையில் கைவைத்துக்கொண்டு உட்காருவான்.

இன்னொன்று, சிரிக்காமல் படியுங்கள். பண்ணை இடம் மாறியே ஆக வேண்டுமென்றால் மேல்மண்ணைக் கூடவே எடுத்துப்போக லாரியும் நேரமும் கொடுங்கள். கொட்டகைக்கும் இயந்திரத்துக்கும் மதிப்புப் போட ஆள் வருகிறார். அந்த ஒரு சாண் கறுப்பு மண்ணுக்கு மதிப்புப் போட இதுவரை எவரும் வந்ததில்லை. கட்டட வேலை தொடங்கும்போது முதலில் வழித்துக் கொட்டுவது அதைத்தான்.

பஸ்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. 975ஐ விட்டால் அடுத்ததற்கு வெயிலில் நிற்க வேண்டும்; பண்ணை வேலைக்கு வருகிறவர்களும் அதே நிறுத்தத்தில்தான் நிற்கிறார்கள். வட்டாரத்துக்கு வருகையாளர்களை ஈர்ப்பது பற்றித் திட்டங்களில் எழுதும்போது, ஏற்கெனவே தினமும் வந்துகொண்டிருப்பவர்களையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பெரியவரின் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பலாக்கன்று இருக்கிறது. தரையில் நடவில்லை, பெயின்ட் வாளியில் வைத்திருக்கிறார், ஐந்து வருடமாக. போகச் சொன்னால் கையோடு தூக்கிக்கொண்டு போகலாமே என்று. இந்த முறை போனபோது வாளியின் அடி பிளந்து, வேர் தானாகவே தரைக்குள் இறங்கியிருந்தது. வெட்டித் தூக்குவதா, அப்படியே விட்டுவிடுவதா என்று அவர் என்னைக் கேட்டார். நான் உங்களைக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
நியோ தியூ பேட்டையில் முன்பு குடியிருந்த ஒருவர்