மீட்டர் போடும் மகனுக்கு

அன்புள்ள செந்திலுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. மாடி ஒழுகுவதை மேஸ்திரி வந்து பார்த்துவிட்டுப் போனார், மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்கிறார். கவிதா ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். எழுதிக் கொடுங்கள், போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்புகிறேன் என்றாள். போனில் பேசினால் "சரிப்பா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் தாளை எடுத்தேன்.

நீ புதுக் கம்பெனிக்கு மாறியபோது "டெலிகாம்தான்ப்பா, பில்லிங் சாஃப்ட்வேர்" என்றாய். எஸ்.டி.டி. பூத்துக்காரன் பையன் அமெரிக்காவில் டெலிபோன் பில் போடுகிறான் என்று திருப்பாப்புலியூரில் நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை. அப்புறம் மாப்பிள்ளைதான் வாய் தவறிச் சொன்னார், அது ஜெயில்களுக்குள் போன் நடத்துகிற கம்பெனி என்று. கவிதா அவரை முறைத்தாள். ஆக அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். சம்பாதிக்கிற பிள்ளையிடம் எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்கக் கூடாது. வேலையை விடு என்று சொல்லவும் வரவில்லை. விசா, வீட்டுக் கடன், பையனுக்கு ஸ்கூல், எல்லாம் எனக்குத் தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே.

ஆனால் தொழில் தெரிந்தவன் சும்மா இருக்க முடியுமா? கவிதாவை உட்கார வைத்து அதைப் பற்றிப் படித்துக் காட்டச் சொன்னேன். அங்கே பெரிய ஜெயில்களில் 15 நிமிஷம் பேச 11 டாலர் 35 சென்ட் வரைக்கும் வாங்கினார்களாம். 2024-ல் எஃப்.சி.சி., அதாவது அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம், நிமிஷத்துக்கு 6 சென்ட்டுக்கு மேல் கூடாது என்று வரம்பு போட்டது. அந்தக் கணக்கில் அதே 15 நிமிஷம் 90 சென்ட்டில் முடிந்துவிடும். அப்படியானால் மீதிப் பணம் இத்தனை வருஷம் எங்கே போனது? பாதிக் கதை கமிஷன். ஜெயிலை நடத்துகிறவர்கள் ஒரே கம்பெனிக்குக் கான்ட்ராக்ட் கொடுக்கிறார்கள். பல இடங்களில் ஜெயிலுக்கு அதிகக் கமிஷன் தருகிறவனுக்குத்தான் அது கிடைத்திருக்கிறது. அந்தக் கமிஷனையும் பேசுகிறவன் குடும்பத்தின் தலையில் ஏற்றிவிட்டார்கள். கணக்கில் பணம் போடுவதற்கே தனியாக ஒரு கட்டணம் வேறு வாங்கியிருக்கிறார்கள்.

கமிஷன் வாங்கிப் பிழைத்தவன்தான் நானும். உன்னைப் படிக்க வைத்தது அந்தக் கமிஷன். அதனால் போனுக்குக் காசு வாங்குவதே பாவம் என்று நான் பேச மாட்டேன். ஆனால் நமக்கு மீட்டரை ஓட்டுகிற பல்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது. மெஷின் அடித்த பில்லுக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டால் ஆள் எழுந்து எதிர்ச்சாரி பூத்துக்குப் போய்விடுவான். ராத்திரி 11 மணிக்கு மேல் கால்வாசி ரேட் என்று வாசல் வரைக்கும் வரிசை நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? அவர்களுக்கு அந்த வழியாவது இருந்தது. உள்ளே இருப்பவனின் அம்மா எந்த எதிர்ச்சாரிக்குப் போவாள்?

உனக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். உன் மாமா கேப்பர் மலை ஜெயிலில் இருந்த காலத்தில் உள்ளேயிருந்து போன் கிடையாது, தபால் கார்டுதான். அம்மா மனுப் போட்டு அவனைப் பார்த்துவிட்டு நேராகப் பூத்துக்கு வருவாள். பூத்துக் கூண்டுக்குள் உட்கார்ந்து நெய்வேலிக்குப் பாட்டியைக் கூப்பிடுவாள். பேசினதைவிட ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்த நேரம்தான் அதிகம். அதற்கும் மீட்டர் ஓடும். நீ ஸ்டூலில் உட்கார்ந்து அந்தச் சிவப்பு எண்களைச் சத்தமாகப் படிப்பாய். வாயை மூடுடா என்று நான் அதட்டுவேன். கணக்கில் நீ அப்போதே கெட்டிக்காரன்.

இப்போது நம் ஊரில் பரவாயில்லை. 2023-லிருந்து உள்ளே இருப்பவர்கள் மாதம் 10 தடவை, ஒரு தடவைக்கு 12 நிமிஷம் பேசலாம், வீடியோ காலும் உண்டு. பக்கத்துத் தெரு டெய்லர் வீட்டம்மா அந்த அழைப்பு வந்தால் கிரைண்டரை நிறுத்திவிட்டுத் திண்ணைக்கு ஓடி வருவதைப் பார்த்திருக்கிறேன். 12 நிமிஷமும் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பைசா செலவில்லை. சொல்லிக் காட்டவில்லை, சும்மா எழுதினேன்.

அங்கே மார்த்தா ரைட் என்று ஒரு பாட்டி இருந்தாராம், வாஷிங்டனில். கண் தெரியாது, பேரன் ஜெயிலில். கடிதம் எழுதவும் வழியில்லை, போன் ஒன்றுதான். 2000-ல் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். அங்கிருந்து எஃப்.சி.சி.க்கு அனுப்பினார்கள். 2003-ல் அங்கே மனுப் போட்டார். முதல் கட்டண உச்சவரம்பு வர 2013 ஆகிவிட்டது, அதுவும் மாநிலம் விட்டு மாநிலம் பேசுவதற்கு மட்டும். 2015-ல் அவர் காலமாகிவிட்டார். 2022-ல் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்தை வைத்துத்தான் அந்த 6 சென்ட்டே வந்தது. 2025-ல் அதையும் தள்ளிப்போட்டு, அப்புறம் உச்சவரம்பை மறுபடி ஏற்றியும் விட்டார்களாம். கனெக்டிகட்டிலும் கலிஃபோர்னியாவிலும் மாநில அரசு ஜெயில்களில் போன் இலவசம் என்று கவிதா படித்தாள். அப்படியென்றால் நடத்த முடிகிறது என்றுதானே அர்த்தம்? இதையெல்லாம் நான் உனக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான்.

வேலையை விடச் சொல்லவில்லை. தொழில்காரனாக நாலு விஷயம் கேட்கிறேன், தெரிந்தால் சொல். நீ எழுதுகிற பில்லிங்கில் நிமிஷக் கணக்கா, செகண்ட் கணக்கா? 61-வது செகண்டுக்கு முழு நிமிஷம் போடுகிறதா? லைன் தானாக அறுந்தால் அந்தக் காசு யாருக்கு? கணக்கில் போட்ட பணம் செலவாகாமல் கிடந்தால், ஆள் விடுதலையான பிறகு குடும்பத்துக்குத் திரும்புமா? இவற்றை உங்கள் மீட்டிங்கில் யாராவது கேட்கிறார்களா? கேட்டால் உன்னை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்றால் கேட்காதே. விசா முக்கியம். ஆனால் உனக்காவது தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? நேரத்துக்குச் சாப்பிடு.

இன்னொன்று. அட்வான்ஸ் கொடுத்தால் மேஸ்திரி நாளைக்கே ஆள் கூட்டி வருவார். மாப்பிள்ளை அந்த விஷயத்தைச் சொன்னதிலிருந்து மாடிக்கென்று நீ அனுப்பிய பணம் அப்படியே பேங்கில் கிடக்கிறது. எடுக்கப் போனேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அம்மாவிடம் சர்வர் டவுன் என்று சொல்லியிருக்கிறேன். நீ கஷ்டப்பட்டுச் சம்பாதித்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ ஒரு வார்த்தை சொன்னால் எடுத்துவிடுவேன்.

நீ எந்தக் கம்பெனியில் இருக்கிறாய் என்று அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் கோபப்பட மாட்டாள், உன் மாமாவை நினைத்துக்கொள்வாள், அதுதான் பயம். அதனால் இதைப் பற்றி அவள் எதிரில் பேசாதே. காலை ஆறரைக்கு அவள் பூ வாங்கிக்கொண்டு பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போவாள், உனக்கு அது முந்தின நாள் ராத்திரி எட்டு மணி. வெள்ளிக்கிழமை போனால் வர நேரமாகும், அன்றைக்குக் கூப்பிடு. வீடியோ வேண்டாம், சும்மா பேசினால் போதும்.

அப்பா