சர்வர் வாங்கும்போது கெடு தேதியையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு சர்வர் வாங்கும்போது, ராம் எத்தனை ஜிபி, டிஸ்க் எத்தனை டெராபைட் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இயங்குதளத்தை மட்டும், பெட்டியைக் கொண்டுவந்து மாட்டுபவர் தன் பழக்கத்துக்கு ஏற்பப் போட்டுவிட்டுப் போகிறார். அதை அப்படி விட்டுவிடக் கூடாது.

அதற்குப் பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதி வரை வரும் என்று முதலில் கேளுங்கள். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வுக்கு 2023 அக்டோபர் 10-ஓடு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. 2016 பதிப்புக்குக் கெடு 2027 ஜனவரி 12. இலவச லினக்ஸ் இயங்குதளமான சென்ட்ஓஎஸ் 8-ஐ 2029 வரை ஓட்டலாம் என்று நம்பிப் போட்டவர்களுக்கு, 2021 டிசம்பர் 31-உடன் சரி என்று முந்தைய ஆண்டு டிசம்பரில்தான் அறிவிப்பு வந்தது. இலவசம் என்பதால் வந்த வினையல்ல அது. ஒரே நிறுவனத்தின் முடிவை நம்பியிருந்ததால் வந்தது. தன்னார்வலர்கள் நடத்தும் டெபியன் என்ற லினக்ஸை நான் பரிந்துரைப்பது அதனால்தான். ஒரு பதிப்பு ஏறத்தாழ ஐந்து ஆண்டு தாங்கும். உபுண்டு என்ற லினக்ஸ்தான் வேண்டும் என்றால், நீண்டகால ஆதரவுள்ள எல்டிஎஸ் பதிப்பு மட்டுமே. இடையில் வருபவற்றின் ஆயுள் ஒன்பது மாதம்.

கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்றால் விவாதத்துக்கே இடமில்லை, விண்டோஸ் சர்வர்தான். ஆனால் உரிமக் கணக்கை முழுதாகப் போடுங்கள். ஸ்டாண்டர்டு பதிப்பில், பிராசஸரில் எட்டு கோர் இருந்தாலும் குறைந்தது 16 கோருக்கு உரிமம் வாங்க வேண்டும். சர்வரைத் தொடும் ஒவ்வொருவருக்கும் அல்லது ஒவ்வொரு கணினிக்கும் தனியாக ஓர் உரிமம் உண்டு. விலைப்பட்டியலில் விடுபடுவது பெரும்பாலும் இதுதான். சாதாரண விண்டோஸ் 11 கணினியையே சர்வராக்கினால், ஒரே நேரத்தில் 20 இணைப்புக்கு மேல் அனுமதியில்லை.

கோப்புகளைப் பகிர மட்டும் என்றால் டெபியனும், விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிர உதவும் சாம்பா மென்பொருளும் தாராளமாகப் போதும். இதில் முதல் வாரமே ஒரு புகார் வரும்: ஒருவர் உருவாக்கிய கோப்பை மற்றவர் திறக்கிறார், சேமிக்க முடியவில்லை. புதுக் கோப்பில் எழுதும் உரிமையை சாம்பா இயல்பாக உரிமையாளருக்கு மட்டுமே தருகிறது, குழுவுக்குப் படிக்கத்தான் உரிமை. எல்லோரையும் ஒரே குழுவில் சேர்த்து, கோப்புறையை அந்தக் குழுவுக்கு மாற்றி, அனுமதியை 2770 ஆக்குங்கள் (உரிமையாளருக்கும் குழுவுக்கும் முழு உரிமை, மற்றவர்களுக்கு எதுவுமில்லை, உள்ளே வரும் புதுக் கோப்பும் அதே குழுவுக்குச் சேரும்). சாம்பா அமைப்பில் ஃபோர்ஸ் குரூப் வரியில் அந்தக் குழுவின் பெயர், கிரியேட் மாஸ்க் 0660, டைரக்டரி மாஸ்க் 2770. அவசரத்தில், எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 போடுபவர்களைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். சர்வரில் கணக்குள்ள எவரும், எந்தச் சேவையும் எல்லாவற்றையும் அழிக்க அது வழிவிடும்.

பழைய ஸ்கேனர் புது சர்வரில் கோப்பை வைக்க மறுத்தால், கோப்புப் பகிர்வு நெறிமுறையின் பழைய வடிவமான எஸ்எம்பி1-ஐத் திரும்ப இயக்கச் சொல்வார்கள். வேண்டாம். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பரவியது விண்டோஸின் அந்த எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான். ஸ்கேனரை மின்னஞ்சலில் அனுப்ப வைத்தால் போயிற்று.

எதைப் போட்டாலும், ஒரே தரவை இரண்டு டிஸ்கில் ஒருசேர எழுதும் ரெய்டை பேக்கப் என்று நம்பாதீர்கள். தவறுதலாக அழித்த கோப்பு இரண்டு டிஸ்கிலும் அதே நொடியில் அழியும். தனி டிஸ்கில் நகல் எடுத்து, எடுத்ததும் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பாருங்கள்.

பணம் கொடுக்கும் முன், இயங்குதளத்தின் பெயர், பதிப்பு எண், அப்டேட் நிற்கும் தேதி, அப்டேட் போடுபவர் யார் என்ற நான்கையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். நிர்வாகக் கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்